எஸ்.எஸ்.டி. எத்தனை ஆண்டு வரும்? கேள்வியே தவறு!

"சார், இந்த எஸ்.எஸ்.டி. எத்தனை வருஷம் வரும்?" புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும். "நிறைய எழுதினால் அது தேய்ந்துவிடுமாமே, உண்மையா?"

உண்மைதான். ஆனால் அந்த உண்மையை அரைகுறையாகப் புரிந்துகொண்டு பயப்படுவதால் வரும் நஷ்டம், தேய்மானத்தால் வரும் நஷ்டத்தை விடப் பெரியது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பெரம்பலூரில் என் நண்பர் ஒருவருடைய கடையில் நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நண்பர் விதை, உரக்கடை வைத்திருக்கிறார். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் பயிரிடும் விவசாயிகள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். விதைக்கும்போது கடனுக்கு வாங்கிச் சென்று, அறுவடை முடிந்த பின் பணம் கொடுப்பார்கள். யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கெல்லாம் கடையின் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் ஓர் எக்ஸெல் பைலில் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கடையை மூடும் முன் அந்த பைலை ஒரு பென் டிரைவில் காப்பி செய்து வீட்டுக்கு எடுத்துச் செல்வது அவர் வழக்கம்.

கம்ப்யூட்டர் மிகவும் மெதுவாகிவிட்டதால் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினார். பொருத்தியவர் போகும்போது ஒரு எச்சரிக்கை செய்தார். "அண்ணே, இதுல இத்தனை தடவைதான் எழுத முடியும்னு கணக்கு இருக்கு. சும்மா சும்மா காப்பி பண்ணிக்கிட்டு இருக்காதீங்க." நண்பர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை காப்பி அன்றோடு நின்றது. மொபைல் போனில் இடம் இல்லாதபோது படங்களை மட்டும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, போனில் அழித்துவிடுவார்.

மூன்று ஆண்டுகள் ஓடின. ஒரு சித்திரை மாத மாலையில் காற்றும் கோடை மழையுமாக அடித்தது. பத்து நிமிடத்தில் நான்கு முறை கரண்ட் போய் வந்தது. யு.பி.எஸ். பேட்டரி என்றோ செத்துவிட்டிருந்தது, மாற்றவில்லை. மறுநாள் காலை கம்ப்யூட்டரை இயக்கினால், பூட் செய்ய டிரைவ் எதுவும் இல்லை என்ற செய்தி திரையில் நின்றது. பயாஸ் செட்டிங்ஸில் போய்ப் பார்த்தேன். எஸ்.எஸ்.டி.யின் பெயரே அங்கு இல்லை. வேறு கம்ப்யூட்டரில் மாட்டியும் பார்த்தேன். அங்கும் இல்லை.

எனக்கு ஆச்சரியம் தந்தது வேறு ஒன்று. சில மாதங்களுக்கு முன்புதான் அதே டிரைவை கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற புரோகிராம் மூலம் சோதித்திருந்தேன். மீதமுள்ள ஆயுள் 97 சதவீதம் என்று காட்டியது. அதாவது, அந்த டிரைவ் எழுதி எழுதித் தேய்ந்து சாகவில்லை. தேய்மானம் தொடங்கும் முன்பே செத்துவிட்டது.

தேய்மானம் என்பது என்ன?

எஸ்.எஸ்.டி.யில் தகவல்கள் பிளாஷ் மெமரி சிப்களில் பதியப்படுகின்றன. பென் டிரைவிலும் மெமரி கார்டிலும் இருப்பது இதே வகை மெமரிதான். சிப்பில் உள்ள கோடிக்கணக்கான நுண்ணிய செல்களில் மின்னேற்றத்தை அடைத்து வைப்பதே பதிவது என்பதன் பொருள். ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும், மின்னேற்றத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கும் மெல்லிய காப்பு அடுக்கு சிறிது பழுதாகிறது. ஒரு செல்லில் ஒரு பிட் மட்டும் பதியும் எஸ்.எல்.சி. வகை ஏறத்தாழ 1 லட்சம் முறை தாங்கும். ஒரு செல்லில் மூன்று பிட் பதியும் டி.எல்.சி. வகை ஆயிரம் முதல் மூவாயிரம் முறை வரை தாங்கும். நான்கு பிட் பதியும் க்யூ.எல்.சி. வகை இதைவிடக் குறைவாகத் தாங்கும். இன்று வீட்டுக்கு நாம் வாங்குபவை பெரும்பாலும் கடைசி இரண்டு வகைகள்தான்.

ஆயிரம் முறை என்றதும் பயந்துவிட வேண்டாம். ஒரு பைலை ஆயிரம் முறை சேவ் செய்தால் டிரைவ் போய்விடும் என்று அர்த்தம் இல்லை. டிரைவுக்குள் கண்ட்ரோலர் என்ற ஒரு சிப் இருக்கிறது. நாம் ஒரே பைலைத் திரும்பத் திரும்ப சேவ் செய்தாலும், அது ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் எழுதி, எல்லா செல்களும் சமமாகத் தேயும்படி பார்த்துக்கொள்கிறது. காரின் டயர்களை முன்னும் பின்னும் இடம் மாற்றிப் போடுகிறோம் அல்லவா, அதைப் போன்றதுதான் இதுவும்.

முக்கியமான இன்னொரு விஷயம். தேய்மானம் எழுதுவதால்தான் ஏற்படுகிறது, படிப்பதால் அல்ல. எஸ்.எஸ்.டி.யில் இருக்கும் பைலை பென் டிரைவுக்கு காப்பி செய்யும்போது, எஸ்.எஸ்.டி.யில் நடப்பது படிக்கும் வேலை மட்டுமே. எழுதப்படுவது பென் டிரைவில். அதாவது, எதைச் செய்தால் டிரைவ் தேயாதோ, அதைத்தான் என் நண்பர் தேய்ந்துவிடும் என்று பயந்து நிறுத்தியிருக்கிறார்!

ஒரு சின்னக் கணக்கு

எஸ்.எஸ்.டி. தயாரிக்கும் நிறுவனங்கள் டி.பி.டபிள்யூ. என்ற ஓர் அளவைத் தருகின்றன. வாரண்டி காலத்துக்குள் எத்தனை டெராபைட் வரை எழுதலாம் என்பதை இது குறிக்கிறது. கிங்ஸ்டன் ஏ400 வரிசையின் 240 ஜி.பி. டிரைவுக்கு இது 80 டி.பி. சாம்சங் 870 ஈவோ வரிசையின் 500 ஜி.பி. டிரைவுக்கு 300 டி.பி.

வீட்டில் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் ஒருவர் தினமும் 20 ஜி.பி. எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்டர்நெட் பார்ப்பது, கடிதம் தயார் செய்வது, படம் பார்ப்பது, விண்டோஸ் அப்டேட் எல்லாம் சேர்ந்தாலும் பலருக்கு இந்த அளவு வராது. ஆண்டுக்கு 7.3 டி.பி. ஆகிறது. 80 டி.பி. தீர 11 ஆண்டுகள் ஆகும். 300 டி.பி. தீர 41 ஆண்டுகள் ஆகும். என் நண்பர் மூன்று ஆண்டுகளில் எழுதியது இரண்டரை டி.பி. மட்டுமே. அந்த வேகத்தில் 80 டி.பி.யைத் தீர்க்க அவருடைய பேரன் கடைக்கு வந்து உட்கார வேண்டியிருக்கும்.

நிறுவனங்கள் சொல்லும் அளவும் எச்சரிக்கையுடன் குறைத்துச் சொல்லப்படுவதுதான். டெக் ரிப்போர்ட் என்ற அமெரிக்க கம்ப்யூட்டர் இணைய தளம் 2013 ஆகஸ்டில் ஆறு எஸ்.எஸ்.டி.க்களை எடுத்து, அவை சாகும் வரை இரவு பகலாக எழுதிக்கொண்டே இருந்தது. சோதனை 2015 மார்ச் வரை நீண்டது. 700 டி.பி. வரை ஆறும் உயிரோடு இருந்தன. கடைசி டிரைவ் 2,400 டி.பி.யைத் தொட்ட பிறகே நின்றது. தினம் 20 ஜி.பி. வீதம் எழுதினால் இதற்கு 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த டிரைவ்களில் பெரும்பாலானவை ஒரு செல்லில் இரண்டு பிட் பதியும் எம்.எல்.சி. வகை, இன்றைய மலிவு டிரைவ்கள் அவ்வளவு தாங்காது. ஆனாலும், அவற்றில் இருந்த ஒரே டி.எல்.சி. டிரைவும் 900 டி.பி.க்கு மேல் தாங்கியது.

அந்தச் சோதனையில் என்னை யோசிக்க வைத்தது இன்னொரு செய்தி. ஆயுள் முடிந்தாலும் எழுதத்தான் முடியாது, படித்து எடுத்துக்கொள்ளலாம் என்று பலரும் நம்புகிறார்கள். ஆயுள் முடிந்த ஒரு டிரைவ் எழுத மறுத்தது. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தவுடன் அடியோடு காணாமல் போனது. எனவே அந்த நம்பிக்கையையும் நாம் மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும்.

பின் எதனால்தான் சாகிறது?

டொரண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பியான்கா ஷ்ரோடர், கூகுள் நிறுவனப் பொறியாளர்கள் இருவருடன் சேர்ந்து 2016ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கூகுளின் சர்வர் மையங்களில் ஆறு ஆண்டுகள் ஓடிய எஸ்.எஸ்.டி.க்களின் பதிவுகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். எவ்வளவு எழுதப்பட்டது என்பது ஒருபுறம் இருக்க, டிரைவின் வயதே தனியாக ஒரு காரணமாக இருப்பதைக் கண்டார்கள். ஹார்ட் டிஸ்க்குகளை விட எஸ்.எஸ்.டி.க்களை மாற்ற வேண்டிய தேவை குறைவாக இருந்தது. ஆனால் நான்கு ஆண்டு காலத்தில் 20 சதவீதத்துக்கும் அதிகமான டிரைவ்களில், திருத்த முடியாத பிழை ஒன்றாவது ஏற்பட்டது. சுருக்கமாகச் சொன்னால், எஸ்.எஸ்.டி. அடிக்கடி சாவதில்லை, ஆனால் அதில் உள்ள ஒரு பைல் எப்போது வேண்டுமானாலும் கெட்டுப் போகலாம்.

நம் ஊர்களுக்கு இதைவிட நெருக்கமான காரணம் கரண்ட். எந்த பைல் எந்த செல்லில் இருக்கிறது என்ற வரைபடத்தை கண்ட்ரோலர் ஓயாமல் திருத்தி எழுதிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் வரைபடமே குழம்பிவிடலாம். செல்களில் தகவல் இருக்கும். எங்கே இருக்கிறது என்பது டிரைவுக்கே தெரியாது. சர்வர்களுக்கான விலை உயர்ந்த டிரைவ்களில், கரண்ட் போன பின்னும் எழுதி முடிக்கும் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர்கள் இருக்கும். வீட்டுக்கு வாங்கும் டிரைவ்களில் பொதுவாக அவை இருப்பதில்லை. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகமும் எச்.பி. ஆய்வகமும் 2013ல் 15 எஸ்.எஸ்.டி.க்களைத் திடீர் திடீரென்று கரண்டை நிறுத்திச் சோதித்தன. 13 டிரைவ்களில் கோளாறு தெரிந்தது. ஒன்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தகவல் காணாமல் போனது. 2012ல் தமிழகத்தில் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது நம் வீடுகளில் ஹார்ட் டிஸ்க்தான் இருந்தது. இன்று மின்வெட்டு அந்த அளவுக்கு இல்லை. ஆனால் காற்றடித்தால் போய் வரும் கரண்ட் இன்னும் இருக்கிறது.

என் நண்பரின் டிரைவ் எதனால் செத்தது என்று திட்டவட்டமாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. அன்று மாலை போய் வந்த கரண்ட் மீதுதான் என் சந்தேகம்.

அப்படியானால் ஹார்ட் டிஸ்க்கே மேலா?

நண்பரின் கதையைக் கேட்ட அரியலூர் உறவினர் ஒருவர் என்னிடம் இப்படித்தான் கேட்டார். இல்லை என்பதே என் பதில். அவருடைய வீடு மெயின் ரோட்டின் மீது இருக்கிறது. சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் நாள் முழுவதும் ஓடும். மேஜையைத் துடைத்த அரை மணி நேரத்தில் மறுபடி தூசு படிந்திருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் தட்டுகள் சுழல்கின்றன. அவற்றின் மேல் மயிரிழை உயரத்துக்கும் குறைவான இடைவெளியில் ஹெட் மிதக்கிறது. ஒரு நல்ல இடி போதும், கதை முடிந்துவிடும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே கிடையாது. வேகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவருடைய வீட்டில் தூசு அடைத்து மின்விசிறி நின்று போய் கேபினெட் உள்ளே சூடாவதை மட்டும் கவனித்தால் போதும்.

ஹார்ட் டிஸ்க்குக்கு இருந்த ஒரே நல்ல குணம், சாகும் முன் முனகும். கர், கர் என்று சத்தம் வரும். பைல் திறக்கத் திணறும். நாம் அவசரமாக காப்பி எடுத்துக்கொள்வோம். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் சொல்லாமல் போய்விடும். தவறி அழித்த பைலை மீட்பதிலும் வித்தியாசம் உண்டு. ஹார்ட் டிஸ்க்கில் அழித்ததை ரெகுவா போன்ற புரோகிராம்கள் பல நேரம் மீட்டுத் தரும். எஸ்.எஸ்.டி.யில் நீங்கள் அழித்ததும், ட்ரிம் என்ற கட்டளை மூலம் "இந்த இடம் இனி தேவையில்லை" என்று விண்டோஸ் டிரைவுக்குச் சொல்லிவிடும். 2009ல் வந்த விண்டோஸ் 7 முதல் இந்த வசதி உள்ளது. அதன் பிறகு மீட்பது மிகக் கடினம்.

பழைய அறிவுரைகளை விட்டுவிடுங்கள்

2007ல் வெளிவந்த ஏசஸ் ஈ பிசி என்ற குட்டி லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி.யின் அளவு வெறும் 4 ஜி.பி. அந்தக் காலத்தில் "பேஜ் பைலை நிறுத்துங்கள், ஹைபர்னேட்டை நிறுத்துங்கள், பிரவுசர் கேஷை வேறு டிரைவுக்கு மாற்றுங்கள்" என்று சொன்னதில் நியாயம் இருந்தது. அதே அறிவுரையை இன்று 500 ஜி.பி. டிரைவுக்கும் சொல்வது, பல்சர் ஓட்டுபவரிடம் மாட்டுக்கு வைக்கோல் போட்டீர்களா என்று கேட்பது போன்றது. ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் என்ற விண்டோஸ் வசதியையும் தொட வேண்டாம். விண்டோஸ் 8 முதல் அது எஸ்.எஸ்.டி.யை அடையாளம் கண்டு, ஹார்ட் டிஸ்க்கைப் போல டிபிராக் செய்யாமல் ட்ரிம் கட்டளையை அனுப்பும்.

எழுதும் அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்களும் இருக்கிறார்கள். கேமரா பதிவுகளை இரவு பகலாகப் பதிபவர்கள், வீடியோ எடிட்டிங் தொழில் செய்பவர்கள், 4 ஜி.பி. ராம் வைத்துக்கொண்டு 120 ஜி.பி. டிரைவை விளிம்பு வரை நிரப்புபவர்கள் ஆகியோர் மட்டும் கணக்குப் பார்க்கட்டும். மற்றவர்கள் டிரைவில் ஐந்தில் ஒரு பங்கை காலியாக விட்டால் போதும்.

என்னதான் செய்ய வேண்டும்?

முதலாவது, இரண்டாவது பிரதி. முக்கியமான பைல்களை வாரம் ஒரு முறை ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, அதைக் கம்ப்யூட்டரில் இருந்து கழற்றி வைத்திடவும். மிக முக்கியமானவற்றை கூகுள் டிரைவ் போன்ற ஒரு தளத்திலும் வைத்திடவும். ஒரு பைல் ஒரே இடத்தில் இருந்தால் அது பாதி தொலைந்த பைல் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கரண்ட். டெஸ்க்டாப்புக்கு யு.பி.எஸ். அவசியம். அதன் பேட்டரியை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வைத்திடவும். வீட்டு இன்வெர்ட்டரில் யு.பி.எஸ். மோட் என்ற ஸ்விட்ச் இருந்தால் அதில் வையுங்கள். கரண்ட் போகும்போது கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகாமல் தப்பிக்கும். பேட்டரி செத்துப்போன லேப்டாப்பை அடாப்டரில் மட்டும் ஓட்டுபவர்களுக்கும் இதே ஆபத்துதான்.

மூன்றாவது, எஸ்.எஸ்.டி.யைப் பீரோவில் பூட்டி வைக்க வேண்டாம். செல்களில் உள்ள மின்னேற்றம் மெல்லக் கசியும். ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பு, ஆயுள் முழுவதும் எழுதித் தீர்ந்த வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி., கரண்ட் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓர் ஆண்டு தகவலைக் காக்க வேண்டும் என்கிறது. புது டிரைவ் இதைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் வெப்பம் கூடக் கூடக் கசிவும் கூடும். 40 டிகிரி கொளுத்தும் நம் கோடையில் பீரோவுக்குள் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். கல்யாண ஆல்பத்தைப் பல ஆண்டுகள் வைத்திருக்க ஹார்ட் டிஸ்க்தான் ஏற்றது.

நான்காவது, நம்ப முடியாத விலைக்கு வரும் 16 டி.பி. போர்ட்டபிள் டிரைவ்களை வாங்க வேண்டாம். சிறிய மெமரி கார்டை உள்ளே வைத்துப் பெரிய அளவைக் காட்டும் போலிகள் இவற்றில் ஏராளம். வாங்கியவர்கள் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராமால் உண்மையான அளவைச் சோதித்திடலாம்.

நண்பர் கடைக்கு மீண்டும் வருவோம். பாக்கிக் கணக்கு போனது தெரிந்ததும் அவர் இடிந்து போய் உட்கார்ந்துவிட்டார். தகவல் மீட்கும் இடங்களில் கேட்டுப் பார்த்தும் பயன் இல்லை. ஆனால் கணக்கு திரும்ப வந்தது. எப்படி என்கிறீர்களா? கடன் கொடுக்கும்போதெல்லாம் அவர் கையால் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுகளை விவசாயிகள் பத்திரமாக வைத்திருந்தார்கள். விஷயம் கேள்விப்பட்டு ஒவ்வொருவராகச் சீட்டைக் கொண்டு வந்து, "எனக்கு இவ்வளவு பாக்கி இருக்கு, எழுதிக்கோங்க" என்றார்கள். ஓரிரண்டு பேரைத் தவிர அத்தனை கணக்கும் நேரானது. நண்பர் எடுக்க மறந்த பேக் அப்பை விவசாயிகள் தங்கள் மஞ்சள் பையில் வைத்திருந்தார்கள்.

இரண்டாவது பிரதி இல்லாதது மட்டும் திரும்ப வரவில்லை. அவருடைய அம்மா கடைசியாகக் கொண்டாடிய பொங்கல் அன்று எடுத்த படங்கள் அந்த டிரைவில்தான் இருந்தன.

இப்போது சனிக்கிழமை மாலை கடையை மூடும் முன் நண்பர் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை மாட்டுகிறார். கணக்கும் படங்களும் காப்பி ஆகி முடியும் வரை ஷட்டரை இறக்குவதில்லை. புது எஸ்.எஸ்.டி. எத்தனை வருஷம் வரும் என்று அவர் என்னிடம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. நீங்களும் அதைக் கேட்க வேண்டாம். நாளைக் காலை உங்கள் டிரைவ் எழுந்திருக்காவிட்டால் எதெல்லாம் போகும் என்று மட்டும் உங்களையே கேட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியலில் உள்ளதை இன்று இரவே காப்பி செய்திடுங்கள்.